பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள்

(திருவேற்காட்டில் இயக்கத் தோழர்களுக்கும் மாணவர்களுக்குமாக நடந்த ஒருநாள் சட்டப் பயிலரங்கில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் எழுத்தில் தந்திருக்கிறோம்.)



எனக்குக் கொடுத்த தலைப்பு 'சிவில் வழக்கும் ஒடுக்கப்பட்ட மக்களும்'. அவ்வளவு பெரிய விஷயத்தை ஒரு மணி நேரத்தில் பேசி முடிக்க முடியாது. அதில் ஒரு சின்ன மூலையை மட்டும் எடுத்துக்கிறேன். எதிர்த்தரப்புக்காரர் பெட்டியிலே பூட்டி வச்சிருக்கிற பத்திரத்தைக் கோர்ட் மூலமா எப்படி வெளியே கொண்டு வர்றது? இதுதான் இன்னைக்குப் பேச்சு. கேட்கறதுக்குச் சப்புன்னு இருக்கும். ஆனா கேஸ் ஜெயிக்கறதும் தோக்கறதும் பல நேரம் இங்கதான் இருக்கு.

வன்கொடுமை என்றால் உடனே கூடுகிறோம். சாலை மறியல், ஆர்ப்பாட்டம், கலெக்டர் அலுவலக முற்றுகை எல்லாம் நமக்குக் கைவந்த விஷயம். சிவில் கேஸ் என்று வந்தால் மட்டும் 'அது வக்கீல் பாத்துக்குவாரு' என்று விட்டுவிடுகிறோம். இந்தக் கூவம் கரைப் பக்கம், திருவேற்காடு, அயனம்பாக்கம், நூம்பல், கோலடி, காட்டுப்பாக்கம் என்று எங்கே போனாலும், ஒரு தலைமுறைக்கு முன்னே நெல் விளைஞ்ச பூமி இன்று சதுர அடிக் கணக்கில் விலை போகிறது. இங்கே நிலம் கைமாறியதில் அரிவாள் செய்த வேலை கொஞ்சம். முத்திரைத்தாள் செய்த வேலைதான் அதிகம். காகிதத்தால் பறிக்கப்பட்டதை மீட்கக் காகிதத்தைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த மண்ணின் பழைய கணக்கு

நாம் உட்கார்ந்திருக்கிற இந்த ஊர் 1997-க்கு முன்னே செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. பிறகுதான் திருவள்ளூர் மாவட்டம் பிரிந்தது. இதை நினைவில் வையுங்கள், பழைய ஆவணம் தேடும்போது உதவும். அந்தச் செங்கல்பட்டு மாவட்டத்தில் பொறுப்பு கலெக்டராக இருந்த டிரமென்ஹீர் 1891-இல் பறையர்களின் நிலைமை பற்றி அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30-ஆம் தேதி அரசாணை எண் 1010 வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வதற்கு வேர் அங்கே இருக்கிறது. நிபந்தனை உங்களுக்குத் தெரியும். முதல் பத்து வருஷம் விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. அதற்குப் பிறகும் தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்கு மட்டும்தான் மாற்றலாம். மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

நிபந்தனை இவ்வளவு தெளிவாக இருந்தும் நிலம் எப்படிப் போனது? கடனுக்குக் கைநாட்டு. கல்யாணச் செலவுக்குக் கைநாட்டு. வெள்ளைத்தாளில் கைநாட்டு. அந்தத் தாள் யாரிடம் இருக்கிறது? கடன் கொடுத்தவரிடம். அவர் பேரனிடம். அவரிடம் வாங்கிய மனை வியாபாரியிடம். நம்மிடம் என்ன இருக்கிறது? தாத்தா சொன்ன கதை இருக்கிறது. 1994-இல் காரணை நிலத்துக்காக நம் மக்கள் போராடியபோது, அந்த அக்டோபர் 10-ஆம் தேதி செங்கல்பட்டுத் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரைக் கொடுத்தார்கள். பஞ்சமி நிலம் என்கிற சொல்லைத் தமிழ்நாடு முழுக்கக் கேட்க வைத்தது அந்தப் போராட்டம். அந்தச் சொல்லைக் கோர்ட்டில் நிரூபிக்கிற வேலை நம்முடையது.

பிரதிவாதி அம்பேத்கர்

மகாத் சவதார் குளத்தைப் பற்றி நம் மேடைகளில் பேசாத நாள் கிடையாது. 1927 மார்ச்சில் தண்ணீர் எடுத்தது, டிசம்பர் 25-இல் மநுஸ்மிருதியைக் கொளுத்தியது, எல்லாம் பேசுவோம். அதற்கு நடுவில் ஒரு சிவில் கேஸ் இருக்கிறது, அதைப் பேசுவதில்லை. 1927 டிசம்பர் 12-ஆம் தேதி ஆதிக்கச் சாதிக்காரர்கள் மகாத் கோர்ட்டில் பாபாசாகேப் மீதும் தோழர்கள் மீதும் வழக்குப் போட்டார்கள். குளம் தனியாருடையது, தீண்டப்படாதவர்கள் அதைத் தொடக்கூடாது என்பது காலங்காலமான வழக்கம் என்பது அவர்கள் கட்சி. 14-ஆம் தேதியே இடைக்காலத் தடை வாங்கிவிட்டார்கள். ஆயிரக்கணக்கில் ஜனம் கூடியிருந்தும், கோர்ட் தடை இருப்பதால் குளத்துக்குப் போவதை அம்பேத்கர் தள்ளி வைத்தார். 1928 பிப்ரவரியில் தடை நீங்கியது. 1931-இல் வழக்குத் தள்ளுபடி. அவர்கள் அப்பீல் போனார்கள். கடைசியில் 1937 மார்ச் 17-இல் பம்பாய் உயர் நீதிமன்றமும் தள்ளுபடி செய்தது. நினைவுக்கெட்டாத காலத்து வழக்கம் என்று வாதிகள் சொன்னதை அவர்கள் நிரூபிக்கவில்லை என்பது தீர்ப்பு.

ஒன்பது வருஷத்துக்கு மேல் பிரதிவாதியாக நின்றார் பாபாசாகேப். 'உன் உரிமைக்கு ஆதாரம் எங்கே?' என்ற கேள்வி இத்தனை காலமும் நம்மை நோக்கித்தான் வந்தது. அந்தக் கேஸில் அது எதிர்ப்பக்கம் திரும்பியது. நான் இன்று சொல்லப்போகிற சட்ட விதிகள் எல்லாம் அந்தக் கேள்வியைத் திருப்புவதற்கான கருவிகள்தான்.

கேஸ் வந்தால் முதல் வாரத்தில்

ஒரு உதாரணம் வச்சுக்குவோம். அறுபது வருஷமாகக் குடியிருக்கிற சேரி. பக்கத்தில் கொஞ்சம் பயிர் நிலம். ஒருநாள் பூந்தமல்லி கோர்ட்டிலிருந்து சம்மன் வருகிறது. யாரோ ஒரு மனை வியாபாரி வாதி. 'இடம் நான் கிரயம் வாங்கியது, இவர்கள் இடைஞ்சல் செய்யக்கூடாது' என்று வெறும் உறுத்துக்கட்டளை, அதாவது இன்ஜங்ஷன் கேட்டிருக்கிறார். கூடவே ஒருதலைப்பட்சமாக இடைக்கால உத்தரவும் வாங்கிட்டார். போலீஸ் அந்தக் காகிதத்தோடு வந்து நிற்கிறது.

முதல் வேலை, கட்டளை 39, விதி 3. கோர்ட்டில் இதை ஆர்டர், ரூல் என்று சொல்வார்கள். உங்களைக் கேட்காமல் இடைக்கால உத்தரவு வாங்கினால், மனு, அஃபிடவிட், வழக்குரை, அவர் நம்பியிருக்கிற ஆவணங்கள் எல்லாவற்றின் நகலையும் உடனே உங்களுக்கு அனுப்பியாக வேண்டும். அனுப்பினேன் என்று அன்றைக்கோ மறுநாளோ கோர்ட்டில் அஃபிடவிட் போட வேண்டும். அனுப்பினாரா? பாருங்கள். பல கேஸில் உத்தரவுத் தாள் மட்டும்தான் ஊருக்குள் வரும், ஆவணம் வராது. முதல் வாய்தாவிலேயே இதைக் கேட்க வேண்டும்.

இரண்டாவது, கட்டளை 11, விதி 15. இது அருமையான விதி. எதிர்த்தரப்பு தன் வழக்குரையிலோ அஃபிடவிட்டிலோ ஒரு ஆவணத்தைப் பற்றிச் சொல்லியிருந்தால், அல்லது பட்டியலில் சேர்த்திருந்தால், 'அதைக் காட்டு, நகல் எடுக்க விடு' என்று நாம் நேரடியாக நோட்டீஸ் கொடுக்கலாம். எழுவினாக்கள், அதாவது இஷ்யூஸ், வனைவதற்கு முன்போ வனையும்போதோ கொடுக்கணும். இதற்கு நீதிபதியிடம் அனுமதி வேண்டாம். பத்து நாளைக்குள் எங்கே, எப்போது பார்க்கலாம் என்று அவர் பதில் தர வேண்டும். தராவிட்டால், தகுந்த காரணம் சொல்லி நீதிபதியைத் திருப்திப்படுத்தினால் ஒழிய, அந்த ஆவணத்தை அவர் பிறகு தன் சாட்சியமாகப் போட முடியாது. ஒரு தாள், ஒரு பதிவுத்தபால், அவ்வளவுதான் செலவு.

மூன்றாவது, விதி 12. இதுதான் டிஸ்கவரி. விதி 15 அவர் சொன்ன ஆவணத்துக்கு. விதி 12 அவர் சொல்லாமல் மறைத்த ஆவணத்துக்கு. வழக்கு சம்பந்தமாக அவர் வசம் இருக்கிற, இருந்த எல்லா ஆவணத்தையும் சத்தியப் பிரமாணத்தின் பேரில் பட்டியல் போட்டுச் சொல்லும்படி உத்தரவிடக் கோர்ட்டைக் கேட்கிறோம். 'இருந்த' என்கிற வார்த்தையைக் கெட்டியாகப் பிடிச்சுக்குங்க. 'இப்ப எங்கிட்ட இல்லைங்க' என்று தப்பிக்க முடியாது. முன்னே இருந்ததா, கடைசியாக எப்போது இருந்தது, எங்கே போனது, இப்போது யாரிடம் இருக்கிறது என்று அந்தப் பிரமாணப் பத்திரத்தின் படிவமே கேட்கிறது. பட்டியல் வந்ததும் விதி 14-இன்படி கோர்ட்டில் தாக்கல் செய்யச் சொல்லலாம். அப்படிக் கேட்கும் ஆவணம் சாட்சியமாக ஏற்கத்தக்கதா என்று அந்தக் கட்டத்தில் பார்க்க வேண்டியதில்லை, விவகாரத்தின் மீது வெளிச்சம் போடக்கூடியதாக இருந்தாலே போதும் என்று 1972-இல் எம்.எல். சேத்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

உத்தரவு போட்டும் தராவிட்டால்? விதி 21. வாதியானால் வழக்கு தள்ளுபடி ஆகலாம், பிரதிவாதியானால் அவருடைய எதிர்வாதம் நீக்கப்படலாம். கடைசி ஆயுதம் இது. நீதிபதிகள் எளிதில் எடுக்க மாட்டார்கள். ஆனால் உறையில் இருக்கிற கத்திக்கும் ஒரு மரியாதை உண்டு இல்லையா?

என்ன கேட்பது?

'எல்லா ஆவணத்தையும் கொடு' என்று பொத்தாம் பொதுவாக மனுப் போட்டால், தூண்டில் போட்டுப் பார்க்கிறார்கள் என்று தள்ளிவிடுவார்கள். பெயர், தேதி, சர்வே நம்பர் சொல்லிக் கேட்க வேண்டும். அதற்கு அவர் கிரயப் பத்திரத்தை வரிவரியாகப் படிக்க வேண்டும். மாணவர்கள் இங்கேதான் வேண்டும்.

கிரயப் பத்திரத்தில், விற்றவருக்கு அந்தச் சொத்து எப்படி வந்தது என்று ஒரு பாரா இருக்கும். 'எனக்குப் பிதுரார்ஜிதமாகப் பாத்தியப்பட்டு என் அனுபோகத்தில் இருந்து வருகிற' என்று எழுதியிருந்தால் அங்கே பேனாவால் ஒரு கோடு போடுங்கள். பிதா யாரு? அவருக்கு எப்படி வந்தது? தாய்ப்பத்திரம் எங்கே? சேரிக்காரர் ஒருவர் பெயரில் இருந்த நிலம் இரண்டு கைமாறியதும் இன்னொருத்தர் 'பூர்வீகம்' ஆகிவிடுகிற மாயம் இந்தப் பாராவில்தான் நடக்கும். 'பவர் ஏஜெண்ட் மூலம்' என்று இருந்தால் அந்தப் பவர் பத்திரத்தைக் கேளுங்கள். கிரயப் பத்திர நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம், அது ஒன்றாம் புத்தகம். நான்காம் புத்தகத்தில் பதிவான பவர் பத்திரத்தின் நகலைச் சம்பந்தப்பட்டவர் தவிர வேறு ஆளுக்குத் தர மாட்டார்கள். பதிவே செய்யாத விற்பனை ஒப்பந்தம், முன்பண ரசீது, கடன் சீட்டு இதெல்லாம் எந்த அலுவலகத்திலும் இருக்காது. அவர் பெட்டியில்தான் இருக்கும். டிஸ்கவரி தேவைப்படுவது இவற்றுக்குத்தான்.

ஒரு சங்கதி. மனை வியாபாரி வெறும் இன்ஜங்ஷன் மட்டும் கேட்பதே உரிமைமூலத்தை யாரும் நோண்டக் கூடாது என்பதற்காகத்தான். நாம் அவர் உரிமையை ஆதாரத்தோடு மறுத்து, அதன் மேல் உண்மையான சந்தேக நிழல் விழுந்துவிட்டால், அவர் விளம்புகை கேட்டுத்தான் வழக்கு நடத்த வேண்டும் என்று 2008-இல் அனதுல சுதாகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்புறம் அவர் தன் சொந்தக் காலில் நின்று உரிமையை நிரூபிக்க வேண்டும். நம்முடைய பலவீனம் அவருக்குப் பலம் ஆகாது.

தராவிட்டாலும் பயன் உண்டு

விசாரணைக் கட்டம் வந்துவிட்டால், மூல ஆவணத்தை ஆஜர்படுத்தச் சொல்லிக் கட்டளை 12, விதி 8-இன்படி நோட்டீஸ் கொடுக்கிறோம். அவர் கொண்டு வரவில்லை என்றால், நம்மிடம் இருக்கிற ஜெராக்ஸையோ கைப்பிரதியையோ இரண்டாம் நிலைச் சாட்சியமாக வைக்க வழி திறக்கும். பழைய சாட்சியச் சட்டத்தில் பிரிவு 65, 66. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியமத்தில் அது 60, 64. மூலம் அவர் கையில் இருக்கிறது என்பதை நாம் முதலில் காட்ட வேண்டும், அதை மறக்கக் கூடாது.

இதில் நமக்காகவே எழுதினது போல ஒரு விலக்கு இருக்கு. எதிர்த்தரப்பு அந்த மூல ஆவணத்தை மோசடியாலோ பலாத்காரத்தாலோ கைப்பற்றியிருந்தால், நோட்டீஸ்கூட அவசியமில்லை. 'ரேஷன் கார்டுல பேர் சேர்க்கணும்னு சொல்லி பட்டாவை வாங்கிட்டுப் போனாங்க, திருப்பித் தரல' என்று எத்தனை பாட்டிமார்கள் சொல்லிக் கேட்டிருப்போம்! அது வெறும் புலம்பல் இல்லை தோழர்களே, சட்டப்படி அது ஒரு வாதம். எதிருரையில் எழுதியிருக்க வேண்டும். எழுதாததை அப்புறம் வாயால் சொல்லிப் பிரயோசனமில்லை.

அடுத்தது எதிரிடை அனுமானம். கையில் இருக்கிற ஆதாரத்தை ஒருவர் காட்டாமல் மறைத்தால், காட்டினால் அது அவருக்குப் பாதகமாக இருந்திருக்கும் என்று கோர்ட் அனுமானிக்கலாம். 1968-இல் கோபால் கிருஷ்ணாஜி கேத்கர் வழக்கில், கல்யாணுக்குப் பக்கத்து ஹாஜி மலங் தர்கா சம்பந்தமான தகராறு அது, நிரூபிக்கும் பாரம் தன்மேல் இல்லை என்று சொல்லிக்கொண்டு முக்கிய ஆவணத்தை மறைத்து வைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கிற தோழர்களுக்கும் இது உதவும். 240 நாள் வேலை செய்தேன் என்று தொழிலாளி சொல்ல, மஸ்டர் ரோல் கம்பெனியிடம் இருக்கும். தொழிலாளி சாட்சி சொல்லிவிட்டு, அந்தப் பதிவேட்டை ஆஜர்படுத்தும்படி கேட்க வேண்டும் என்பதை 2005-இல் ஆர்.எம். எல்லட்டி வழக்கின் தீர்ப்பு விளக்குகிறது. அதே தீர்ப்பு, மஸ்டர் ரோல் வரவில்லை என்பதாலேயே தானாக எதிரிடை அனுமானம் வந்துவிடாது என்றும் சொல்கிறது. கேட்காமல் இருந்துவிட்டு 'அவர்கள் காட்டவில்லை' என்றால் யார் காதிலும் ஏறாது. முறையாகக் கேட்டது பதிவில் இருக்க வேண்டும்.

மறைத்த பத்திரத்தின் கதை

நம்ம ஊர்க் கதை ஒன்று சொல்கிறேன். சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம் போன செங்கல்வராய நாயுடு எதிர் ஜகந்நாத் வழக்கு. ஜகந்நாத், சுனிலால் சௌகார் என்பவரிடம் குமாஸ்தா. சௌகாருக்காகக் கோர்ட் ஏலத்தில் ஒரு சொத்தை எடுக்கிறார். 1945-இல், அந்தச் சொத்தில் தனக்குள்ள உரிமை முழுவதையும் சௌகாருக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் பதிவு செய்கிறார். பிறகு அந்தப் பத்திரத்தைப் பற்றி மூச்சு விடாமல், சொத்து தன்னுடையது போலப் பாகப் பிரிவினை வழக்குப் போட்டு முதல்நிலைத் தீர்ப்பும் வாங்கிவிட்டார். இறுதித் தீர்ப்புக்கு மனுப் போட்ட கட்டத்தில்தான் எதிர்த்தரப்புக்கு அந்தப் பத்திரம் தெரிய வந்தது. வாதி உண்மையான கட்சியோடு கோர்ட்டுக்கு வர வேண்டும் என்று சட்டக் கடமை ஏதும் இல்லை என்கிற தோரணையில் உயர் நீதிமன்றம் சொன்னது. 1993 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை அடித்துப் போட்டது. தான் எழுதிக்கொடுத்த, வழக்குக்குச் சம்பந்தமுள்ள ஆவணத்தை மறைத்து வாங்கிய தீர்ப்பு கோர்ட்டையே மோசம் செய்து வாங்கியது, அது செல்லாது என்பது முடிவு. 1994 சட்ட அறிக்கையில் முதல் பக்கத்திலேயே இருக்கிற தீர்ப்பு. சட்டம் படிக்கிற மாணவர்கள் அவசியம் படியுங்கள்.

நமக்கு எச்சரிக்கை

கத்திக்கு இரண்டு பக்கமும் கூர். நாம் நோட்டீஸ் கொடுத்து, அவர் கொண்டு வந்து, நாம் பார்த்துவிட்டால், அவர் வற்புறுத்தினால் அந்த ஆவணத்தை நம் சாட்சியமாகவே குறியீடு செய்ய வேண்டி வரும். புதிய சட்டத்தில் பிரிவு 166. ஆகவே என்ன இருக்கும் என்று ஓரளவு தெரிந்துகொண்டு கேளுங்கள். அவர் மறுத்த ஆவணத்தை அப்புறம் அவரே தூக்கிக்கொண்டு வந்தால், நம் சம்மதமோ கோர்ட் உத்தரவோ இல்லாமல் போட முடியாது. அது 167.

அவரும் நம்மிடம் கேட்பார். நாம் மறைத்தாலும் அதே கதிதான். நம் பெரியவர் யாராவது ரசீதில் கைநாட்டு வைத்திருந்தால் வக்கீலிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். காலம் தாழ்த்தாதீர்கள். சாட்சி விசாரணை முடிந்து வாதம் நடக்கும்போது மனுப் போட்டால் இழுத்தடிக்கிறார்கள் என்று தள்ளுபடி ஆகும், நியாயமும் அதுதான்.

தாசில்தாரும் ஆதிதிராவிடர் நலத் தாசில்தாரும் கட்சிக்காரராக இருந்தால், ஏ-ரிஜிஸ்டர், பழைய செட்டில்மெண்ட் பதிவேடு, ஒப்படைக் கோப்பு இவற்றை அவர்களிடமும் கேட்க வேண்டும். 'கோப்பு கிடைக்கவில்லை' என்று வாய்ச்சொல்லில் சொல்வது சுலபம். சத்தியப் பிரமாணத்தில் சொல்வது அவ்வளவு சுலபமில்லை. ஆனால் அதற்கு முன்னே, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி மனுப் போடுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். 1980-களில் நடந்த யு.டி.ஆர். பதிவுக்கு முன்னும் பின்னும் யார் பெயர் இருந்தது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். பெயர் மாறிய இடத்தில் கேள்வி இருக்கிறது. அந்தக் கேள்விதான் உங்கள் விதி 12 மனுவின் முதல் வரி.

வக்கீலுக்குப் பணம்? 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் பிரிவு 12-இன்படி பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. நமக்கு அது தானம் இல்லை, உரிமை. ஆவணத்தைப் போலியாகத் தயாரித்து நம் நிலத்தை எடுத்தால், 2016 முதல் நடைமுறையில் இருக்கிற வன்கொடுமைத் தடுப்புத் திருத்தச் சட்டப்படி அது குற்றம். பிரிவு 3(1)(எஃப்), (ஜி) பாருங்கள். நம்மேல் பொய் வழக்கு, தொல்லை வழக்குப் போடுவதும் 3(1)(பி) பிரிவில் வருகிறது, அதாவது ஆங்கில 'பி' வரிசையில் ஏ, பி என்பதில் வருகிற பி இல்லை, ஓவுக்கு அடுத்த பி. எஃப்.ஐ.ஆர். எழுதும்போது இதில் குழப்பம் வரும், கவனமாக இருங்கள்.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். விடுமுறையில் உங்கள் தெருவுக்குப் போங்கள். வீட்டுக்கு ஒரு ஃபைல் போடுங்கள். பட்டா, வீட்டு வரி ரசீது, கரண்ட் கார்டு, பழைய ரேஷன் கார்டு, கிஸ்தி ரசீது, எது இருந்தாலும் நகல் எடுத்து வையுங்கள். எது இல்லையோ அதையும் எழுதுங்கள்: என்ன காகிதம், எந்த வருஷம், யார் வாங்கிக்கொண்டு போனது, அப்போது கூட இருந்தவர் யார். பாட்டி உயிரோடு இருக்கும்போதே எழுதிக்கொள்ளுங்கள். நாளைக்கு நாம் கொடுக்கப்போகிற நோட்டீஸில் எழுத வேண்டியது அந்தப் பட்டியல்தான்.

ஜெய்பீம். கேள்வி இருந்தால் கேளுங்கள்.